தேனு யாருக்கு ஓட்டுப் போட்டாள்?

"மேடம், ஈ அம்மாயிகி ஓட்டு எந்துகண்டி?"

போன வாரம் வாக்குச்சாவடிக்குள் வைத்து ஒரு கட்சி ஏஜென்ட் என்னைக் கேட்ட கேள்வி இது. 'இந்தப் பொண்ணுக்கு எதுக்குங்க ஓட்டு?'

கோபமாகக் கேட்கவில்லை. கிண்டலும் இல்லை. சுகர் இருப்பவரிடம் 'உங்களுக்கு எதுக்குங்க ஸ்வீட்?' என்று கேட்போமே, அப்படி அக்கறையாகக் கேட்டார். அதுதான் பிரச்னை. கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிக் கோபப்பட்டிருப்பேன். அக்கறைக்கு என்ன பதில் சொல்வது?

'இந்தப் பொண்ணு' என் மகள் தேன்மொழி. எங்களுக்குத் தேனு. வயது இருபத்தொன்று. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் - தேனுவுக்கு ஆட்டிசம். பேசுவாள். கொஞ்சமாக, தேவைக்கு மட்டும். பாதி நேரம் 'நான்' என்று சொல்லமாட்டாள், 'தேனு' என்பாள். எங்களோடு தமிழ், வாட்ச்மேனோடு தெலுங்கு. மறுப்பதற்கு மட்டும் ஊரெல்லாம் புழங்கும் ஹைதராபாத் ஹிந்தி - "நக்கோ". அவள் வாயில் 'வேண்டாம்' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை.

ஓட்டு விஷயத்தை ஆரம்பித்ததும் அவள்தான்.

சில மாதங்களுக்கு முன்பு வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஓர் அம்மா வந்தார். ஏ.எஸ்.ராவ் நகர் முழுக்க வெயிலில் ஏறி இறங்கிக் களைத்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். பதினெட்டு முடிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்.

"நானு, எங்க வீட்டுக்காரர், பையன், பொண்ணு..."

பொண்ணு என்றதும் அவர் நிமிர்ந்து தேனுவைப் பார்த்தார். தேனு சோபாவில் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தாள். அவர் பேனா நின்றது. "விடுங்கம்மா, உங்களுக்குத்தான் சிரமம்" என்றார் தெலுங்கில். அவரும் அக்கறைதான்!

சோபாவிலிருந்து குரல் வந்தது. "தேனு கூடா."

தெலுங்கில் 'நேனு கூடா' என்றால் 'நானும்தான்'. தேனு சொன்னது 'தேனு'வா, 'நேனு'வா? எனக்கு இன்றுவரை சந்தேகம். அந்த அம்மா காதில் 'நேனு கூடா' என்றுதான் விழுந்திருக்கிறது. சிரித்துவிட்டார். பேனா மறுபடி ஓடியது. தேனு வாக்காளர் ஆனாள்.

சரி, பெயர் சேர்த்தாயிற்று. ஓட்டு என்றால் என்ன என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நீங்களே கொஞ்சம் முயன்று பாருங்களேன். 'நமக்குப் பதிலாகப் பேச ஒருவரை அனுப்புகிறோம்.' எங்கே அனுப்புகிறோம்? அவர் ஏன் நமக்குப் பதிலாகப் பேசவேண்டும்? பேசுகிறாரா என்ன? நான் சொல்லச் சொல்ல எனக்கே குழம்பியது.

என் கணவர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எஞ்சினீயர். திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருஷம் ஆனாலும் பேச்சு மட்டும் அங்கேயே இருக்கிறது. உலகத்தில் எல்லாவற்றையும் ஸ்விட்ச், ஒயர், பேட்டரி கொண்டு விளக்கிவிடலாம் என்று நம்புகிறவர்.

"நீ சும்மா பேசிக்கிட்டே இருக்க. புள்ளைக்கு மெஷினைக் காட்டணும்லா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செருப்பு டப்பாவில் ஓட்டு மெஷின் செய்தார். மூன்று பட்டன். பக்கத்தில் படம் - இட்லி, தோசை, பூரி. அமுக்கினால் 'பீ' என்று சத்தம். இரவு டிபனுக்குத் தேர்தல்!

தேனு வந்தாள். பார்த்தாள். அமுக்கினாள். பீ...

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் அவளுக்கு, எங்களுக்குப்போல் வெறும் சத்தமில்லை, வலி. மிக்ஸி போடுமுன் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவேன்.

டப்பாவை அலமாரி மேல் போட்டுவிட்டோம். அவ்வளவுதான் என்று நினைத்தேன். சில நாள் கழித்து அவளே ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்தாள். "ஓட்டு" என்றாள்.

பையன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் போட்டோம். பூரிக்கு இரண்டு, தோசைக்கு ஒன்று. தோசைக்குப் போட்டது தேனு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு. ஆனால் தட்டில் வந்தது பூரி. அவளுக்கு ஒரே குழப்பம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"தேனு அமுக்கினா. தோசை வரல."

"வராதுட்டி. ரெண்டு பேரு பூரி கேட்டாச்சுல்லா. இன்னைக்குப் பூரிதான்."

"அப்ப ஓட்டு வேஸ்ட்."

"வேஸ்ட் இல்ல. நாளைக்குத் திரும்பவும் வைப்போம்."

தேனு யோசித்தாள். பூரியைத் தின்றாள். மறுநாள் சாயங்காலம் சரியாக டப்பாவோடு வந்து நின்றாள்.

இதைவிடத் தெளிவாக ஜனநாயகத்தை யாராவது எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? நினைவில்லை.

தேர்தல் நெருங்க நெருங்க எனக்கு வேறொரு கவலை. ஒருவருக்கு உதவி தேவைப்பட்டால் துணைக்கு ஆள் போகலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன். நான் கூடப் போய்விடட்டுமா? கூட்டம், வெயில், தெரியாத மனிதர்கள், சத்தம்... என்று நான் அடுக்க, கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்.

"நீ உள்ள போனேன்னா அது உன் ரெண்டாவது ஓட்டுல்லா."

சுருக்கென்றது. ஆனால் உண்மை. அவள் விரல் தயங்கினால் என் விரல் சும்மா இருக்குமா? இருபத்தொரு வருஷமாக அவளுக்காக எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பழகிய விரல் அல்லவா! அவள் தனியாகத்தான் போகவேண்டும் என்று முடிவாயிற்று.

அதன் பிறகு எனக்குள் ஒரு குறுகுறுப்பு வந்துவிட்டது. இவள் யாருக்குப் போடுவாள்?

அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். மைக் கட்டிய ஆட்டோ தெருவில் நுழைந்தால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். எந்தக் கட்சி என்ற பேதமே கிடையாது. அப்படியானால் சத்தமே போடாத வேட்பாளருக்கா? அப்படி ஒருவர் இந்த நாட்டில் உண்டா?

இன்னொரு நாள் பிரசாரத்துக்கு வந்த பெண்மணி ஒருவர், என்னிடம் நோட்டீஸை நீட்டப் போனவர், பக்கத்தில் நின்ற தேனுவிடம் நேராகத் திரும்பி, "நீ ஓட்டு மாகேனம்மா" என்று கேட்டுவிட்டுப் போனார். உன் ஓட்டு எங்களுக்குத்தான் தரவேண்டும் என்று. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் 'சாப்பிட்டாளா?', 'தூங்கினாளா?' என்று அவளைப் பற்றி என்னிடம்தான் கேட்பார்கள். அவளிடமே கேட்டவர் அவர்தான். ஒருவேளை அவருக்கா?

அல்லது சின்னமா? ஒரு சுயேச்சைக்கு அலமாரிச் சின்னம் கொடுத்திருந்தார்கள். அந்தப் போஸ்டரைப் பார்த்த போதெல்லாம் தேனு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏன் என்று கேட்டால், "அலமாரி வெளிய இருக்கு." அலமாரிக்குத் தெருவில் என்ன வேலை என்பது அவள் கேள்வி. நியாயம்தானே?

ஓட்டு நாள் வந்தது. எங்கள் பூத் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். ஆண்கள் வரிசை சின்னதாக இருந்ததால் கணவர் சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். பெண்கள் வரிசையில் தேனு, அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் பக்கத்து ஃபிளாட் சரளா காரு ('காரு' தெலுங்கில் மரியாதைக்கு).

தேனு நின்ற இடத்திலேயே ஆட ஆரம்பித்தாள். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க முன்னாடி போங்க" என்று வழி விட்டார். வரிசையில் இருந்த பெண்களும் ஒதுங்கினார்கள். நல்ல மனசு. நானும் நகரப் பார்த்தேன்.

"நக்கோ" என்றாள் தேனு. "லைன்."

வரிசை என்றால் வரிசை. அவளுக்குச் சலுகை பிடிக்காது. ஹைதராபாத்தில் வரிசையை மதிக்கிற ஒரே ஆள் என் மகள்தான் என்று எனக்கு வெகுநாளாக ஓர் எண்ணம் உண்டு. ஆடி ஆடியே உள்ளே போய்ச் சேர்ந்தோம்.

அங்கேதான் அந்தக் கேள்வி. 'இந்தப் பொண்ணுக்கு எதுக்குங்க ஓட்டு?'

"இருபத்தோரு வயசு ஆச்சு, அதுக்குத்தான்" என்றேன் தெலுங்கில்.

ஏஜென்ட் விடவில்லை. தலைமை அலுவலர் பக்கம் திரும்பினார். "மேடம், இந்தம்மா சொல்லிக்கொடுத்த பட்டனைத்தான் அந்தப் பொண்ணு அமுக்கும். இது எப்படிச் சரி?"

தலைமை அலுவலர் ஒரு பெண். கண்ணாடியும் பருத்திச் சேலையுமாகப் பள்ளிக்கூட ஆசிரியை போலவே இருந்தார். ஆசிரியையேதான் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்தார். இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"புத்தி சுவாதீனம் இல்லைன்னு கோர்ட் சொன்னாத்தான் ஒருத்தர் பேரை எடுக்க முடியும் மேடம். எந்தக் கோர்ட்டும் அப்படிச் சொல்லல. லிஸ்ட்ல பேர் இருக்கு. அடையாள அட்டை இருக்கு. நான் கூடப் போகல. தனியாத்தான் போறா."

"முதலமைச்சர் யாருன்னு கேளுங்க. சொல்லட்டும் பார்ப்போம்" என்றார் ஏஜென்ட்.

அந்த ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "இன்னைக்கு இந்த ரூம்ல யாருக்கும் பரீட்சை கிடையாது. கூர்ச்சோண்டி." உட்காருங்கள் என்று அர்த்தம். உட்கார்ந்தார்.

பரீட்சை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். சற்று முன்பு வரிசையில் சரளா காரு போனில் தன் கணவரிடம், "எந்தப் பட்டன்னு சொன்னீங்க? மேலேர்ந்து ரெண்டாவதா, மூணாவதா?" என்று உறுதி செய்துகொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன், ஓட்டுக்காகக் கொடுத்த லீவில் நண்பர்களோடு ரிசார்ட்டுக்குப் போய்விட்டான். அவனிடமும் கேட்கவில்லை. நானே ஒரு தேர்தலில் வேட்பாளர் நன்றாகச் சிரிக்கிறார் என்று ஓட்டுப் போட்டவள்தான். புரிந்துதான் போடுகிறாயா என்ற கேள்வி தேனுவுக்கு மட்டும் ஏன்?

அடுத்தது மை. மை வைப்பவர் சட்டென்று தேனுவின் விரலைப் பிடித்தார். அவள் அலறிக் கையை இழுத்துக்கொண்டாள். அறையே திரும்பிப் பார்த்தது. வீட்டில் மருதாணி வைத்து மைக்குப் பழக்கியிருந்தோம். யாரோ ஒருவர் கையைப் பிடிப்பார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை!

"பிடிக்காதீங்க சார். சொன்னா அவளே நீட்டுவா" என்றேன்.

"தேனு பெட்டுகுண்டுந்தி" என்றாள் அவள். தேனுவே வைத்துக்கொள்வாள்.

அவர் தலைமை அலுவலரைப் பார்த்தார். தலைமை அலுவலர் எழுந்து வந்து பக்கத்தில் நின்று, குச்சியை அவளிடம் கொடுக்கச் சொன்னார். தேனு நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, நகத்தின் மேலிருந்து கீழாக நேராக ஒரு கோடு போட்டாள். மற்றவர்களுக்கெல்லாம் ஈஷி வைத்திருந்தார்களே, அப்படி இல்லை. "பாக உந்தி" என்றார் ஆசிரியை. நன்றாக இருக்கிறதாம்.

எங்கள் ஊரில் இந்த முறை ஒரே நாளில் இரண்டு ஓட்டு, பாராளுமன்றத்துக்கு ஒன்று, சட்டசபைக்கு ஒன்று. அதனால் இரண்டு மெஷின். தேனு முதல் மறைப்புக்குள் போனாள்.

பீ...........

அப்பா செய்த செருப்பு டப்பாவின் 'பீ' இது இல்லை. நீளமாக, உரக்க, நிற்காமல் அடிக்கிற 'பீ'. தேனு காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். சுவரோரம் போய் நின்று கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணு இருக்குடா தேனு" என்றேன் மெல்ல.

"நக்கோ. சத்தம்."

வரிசையில் முணுமுணுப்பு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மை வைத்தவர் என்னிடம் குனிந்து, ரகசியம் போல, "நீங்களே போய் அமுக்கிடுங்களேன் மேடம். லைன் நிக்குது" என்றார். ஏஜென்டும் தலையாட்டினார். இத்தனை நேரம் ஆட்சேபித்தவருக்கும் இதில் ஆட்சேபம் இல்லை!

எவ்வளவு சுலபம். உள்ளே போய் ஒரு அமுக்கு. எல்லாருக்கும் நிம்மதி. என் கால் ஓர் அடி எடுத்து வைத்ததை மறைக்க விரும்பவில்லை. பிறகு நின்றுவிட்டேன்.

தலைமை அலுவலர் தேனுவிடம் போனார். தொடவில்லை, கவனித்திருக்கிறார். கொஞ்சம் தள்ளி நின்று தெலுங்கில் சொன்னார்: "சத்தம் இல்லாம பண்ண முடியாதும்மா. சத்தம் வந்தாத்தான் ஓட்டு விழுந்ததுன்னு எங்களுக்குத் தெரியும். ஒரு தடவைதான் வரும். நீ சொல்லு, போடறியா, வேண்டாமா? அவசரமில்ல."

காத்திருந்தார். அறையில் எல்லோரும் காத்திருந்தோம்.

தேனு கண்ணைத் திறந்தாள். தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்தாள். தலைமேல் போட்டாள். காதுகளைச் சேர்த்து இறுக்கிச் சுற்றினாள், மறுபடி சுற்றினாள், கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டாள். இந்த ஊரில் ஸ்கூட்டி ஓட்டும் பெண்களெல்லாம் வெயிலுக்கும் தூசிக்கும் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போவார்களே, அச்சாக அப்படியே. கண்கள் மட்டும் தெரிந்தன. தினமும் பால்கனியில் நின்று தெருவைப் பார்ப்பவள். அதில் எதை எடுத்து வைத்துக்கொள்கிறாள் என்று எனக்கெப்படித் தெரியும்?

அப்படியே நடந்து இரண்டாவது மறைப்புக்குள் போனாள்.

உள்ளே நெடுநேரம் நின்றாள். என்ன செய்கிறாள்? படிக்கிறாளா? அலமாரியைத் தேடுகிறாளா? என் குறுகுறுப்பு தலைக்கேறியது. மறைப்புக்குக் கீழே அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை ஆடவில்லை.

பீ...........

ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். வரிசையில் யாரோ, "வண்டி எங்கம்மா நிறுத்தியிருக்க?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஏஜென்டும்கூடச் சிரித்தார். தேனு யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி அப்பாவிடம் போய் நின்றுகொண்டாள்.

அடுத்து என் முறை. சொன்னால் நம்பமாட்டீர்கள், என் கண் வாசலிலேயே இருந்தது. இரண்டு மெஷினிலும் எதையோ அமுக்கிவிட்டு வெளியே ஓடிவந்தேன். அன்றைக்கு அந்த பூத்திலேயே யோசிக்காமல் ஓட்டுப் போட்டவள் யார் என்று கேட்டால்... நான்தான்.

வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தே கணவர் சொல்லிவிட்டார். "கேக்காத."

"நான் என்ன கேக்கப் போறேன்?"

"அதான் சொல்லுதேன். கேக்காத."

கேட்காமல் இருக்க முடியுமா? வீட்டுக்கு வந்து, மோர் கொடுத்து, துப்பட்டா முடிச்சை அவிழ்க்க அவள் தடுமாறியபோது உதவிக்குப் போகிற சாக்கில், மெதுவாக, "ஏம்மா... யாருக்குப் போட்ட?" என்றேன்.

தேனு முடிச்சைத் தானே அவிழ்த்தாள். துப்பட்டாவை மடித்தாள்.

"தேனுவோட ஓட்டு" என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள்.

செய்தி எப்படியோ பரவி, தேனு துணிப்பை தைக்கப் போகும் தொழிற்பயிற்சி மையத்தின் பெற்றோர்களிடமிருந்து எனக்கு இந்த வாரம் முழுக்கப் போன். உப்பல் பகுதியிலிருந்து ஓர் அம்மா: "எங்க பையனுக்கு முப்பது ஆவுதுங்க. லிஸ்ட்லயே பேர் இல்ல. விடுவாங்களா?" விடுவார்கள் என்றேன். எங்கே போகவேண்டும், என்ன கொண்டுபோகவேண்டும், யாராவது அக்கறையாகக் கேள்வி கேட்டால் என்ன சொல்லவேண்டும், எல்லாம் சொன்னேன். தயங்கித் தயங்கி, கடைசியில் அவர் கேட்டது: "ஆமா... உங்க பொண்ணு யாருக்குங்க போட்டுச்சு?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை.

நான் யாருக்குப் போட்டேன் என்று தேனு இதுவரை கேட்கவில்லை. எங்கள் வீட்டில் நாகரிகம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்!